காகம் மறையாததால் வந்த எட்டுப் பெட்டி சாளை

சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரேயொரு வேலைதான் மிச்சம் இருந்தது. காகத்துக்குச் சத்தம் வைக்கவேண்டும்.

கருவாட்டு விலை கேட்டு என்னுடைய இந்த இணையப் பக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இன்றைக்கு விலை இல்லை. என் மானம் போன கதைதான் இருக்கிறது. இலவசம், பேரம் பேசவேண்டாம்.

மூன்று மாதமாகக் கற்பிட்டியில் பெண்களுக்கான கணினி வகுப்புக்குப் போய் வருகிறேன். பதினொரு பேர் படிக்கிறோம். பத்துப் பேருக்கு என் மகள் வயது. எனக்கு நாற்பத்தெட்டு. தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு மன்னாரில் இருந்து வந்த படகில் என் புத்தகப் பைக்கு இடம் இருக்கவில்லை, படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பிறகு படித்ததெல்லாம் மீன் வள்ளங்கள் வந்து சேரும் துறையில். அங்கே பாடம் நடத்துகிறவர்களிடம் புத்தகம் இருக்காது, தராசு இருக்கும். தராசில் அவர்களுடைய விரலும் இருக்கும்.

இந்த வயதில் வகுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். ஆசையால் இல்லை, கோபத்தால்.

துறையில் எனக்கு எதிராக ஏலம் கேட்கிற ஆள் றிஸ்வி. என்னைவிடப் பத்து வயது குறைவு, என்னைவிட இரண்டு லொறி கூட. நான் ஒரு நாள் சும்மா எட்டிப் பார்க்க வகுப்புக்குப் போன கதை எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. ஏலத்தில் பத்துப் பேருக்கு முன்னால், அக்கா முறை வைத்தே கேட்டான்.

"ராத்தா, கம்ப்யூட்டர் படிக்கிறீங்களாமே. இனி கருவாட்ட கீபோட்லயா காயப் போடப் போறீங்க?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போய்விடும். புத்தி பின்னால் த்ரீவீல் பிடித்து வரும்.

"சேட்டிபிகட்டோட வாரன் பாரு" என்றேன். "வராட்டி மூணு மாசத்துக்கு இந்த ஏலத்தில நான் வாய் தொறக்க மாட்டன். நீயே கேளு, நீயே எடு."

"வந்தா?"

"வந்தா ஒரு நாளைக்கு என்ட பெட்டியெல்லாம் நீ தூக்கணும். லொறியில இல்ல. தோள்ல."

ஏலம் கூறுகிற கபூர் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இடையில் வந்தார். "பந்தயம் ஹராம்."

"பந்தயமில்ல நானா. வாக்கு."

"வாக்கெண்டா சரி" என்று அவரே சாட்சியாகவும் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் புத்தி வந்து சேர்ந்தது. மூன்று மாதம் வாய் திறக்காவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் என் பரணில் காய்வதற்கு வெயில் மட்டும்தான் இருக்கும்.

அப்படித்தான் படித்தேன். கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு சின்ன கேம் செய்து காட்டவேண்டும். மற்றப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி பிடித்தார்கள், பூப் பறித்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பரணில் கருவாடு காய்கிறது, காகம் வருகிறது, கல்லால் எறியவேண்டும். பட்டால் நூறு புள்ளி.

நிரல் எழுதுவது என்றால் பெரிய விசயம் என்று நினைக்காதீர்கள். திரையில் 'எப்போதும்', 'தொட்டால்', 'மறை', 'ஒலி எழுப்பு' என்று கட்டை கட்டையாக இருக்கும். மீன் பெட்டி மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். அடுக்குவது எனக்குக் கைவந்த வேலை. காகம் பறந்தது, கல் பறந்தது. சத்தம் மட்டும்தான் இல்லை.

படிப்பிக்கிற பர்ஹானா மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பொறுமைக்கு ஒரு சேட்டிபிகட் இருந்தால் அதை முதலில் அவருக்குக் கொடுக்கவேண்டும். "கல் பட்டா இந்த 'டிங்' சத்தத்தப் போடுங்க ராத்தா" என்றார்.

"டிங் எண்டா கேக் வெந்த மாதிரி இரிக்கி மிஸ். நூறு புள்ளி கூடினா நூறு கூடினதெண்டு கேக்கணும். என்ட குரல்ல 'நூறு கூட்டு' எண்டு வைக்கிறன்."

ஏலத்தில் நான் நாளைக்கு நாற்பது தரம் சொல்கிற சொல் அது.

"சரி, வைங்க. ஆனா ஒரு விசயம். கல் பட்ட ஒடனே மொதல்ல காகத்த மறைங்க. பொறகு சத்தம். மறைக்காட்டி காகம் கல்லத் தொட்டுக்கிட்டே நிக்கும். தொட்டுக்கிட்டு நிக்கிற வரைக்கும் சத்தம் திருப்பித் திருப்பி வரும்."

"எங்கட ஊர் காகம் ஒரு கல்லுக்கு மறையிறதா மிஸ்? நீங்க கருவாடு காயப்போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இது கேம், ராத்தா."

"கேமெண்டா பொய் சொல்லலாமா?"

மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு வண்ணத்துப்பூச்சிப் பிள்ளையிடம் போய்விட்டார்.

இந்த இடத்தில் என் லெப்டொப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். புத்தளத்தில் பழையது விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். நேர்மையான மனிதன், குறைகளை அவரே சொன்னார்.

"ராத்தா, இதுல சத்தம் வராது. வெளியில ஸ்பீக்கர் போடணும்."

"அப்ப அதுக்குக் கொறைங்க."

"மூடிய மூடினாலும் இது தூங்காது. உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இரிக்கும்."

"அதுக்கும் கொறைங்க."

"பேக் ஃப்ரீ. ஆனா ஸிப் இறுகும்."

"ஃப்ரீயான சாமானுக்குக் குறை இரிந்தா, அந்தக் குறைக்கும் கொறைக்கணும்."

அந்த மனிதர் கடைசியில் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கைக்கடக்கமான உருண்டை ஸ்பீக்கர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மூன்று நாள் சிரித்தேன். குறைக்குக் குறை விலையைத்தான் கழித்தேன், குறை அப்படியே என்னோடு வந்துவிட்டது என்பது அந்தச் சனிக்கிழமை வரைக்கும் விளங்கவில்லை.

பரீட்சை பத்து மணிக்கு. சிலாபத்தில் இருந்து பரீட்சை எடுக்கிற சேர் ஒருவர் வந்து பார்ப்பார். நான் சுபஹு தொழுதுவிட்டு, காகம் கத்துவதைப் பதிவு செய்ய ஃபோனோடு முற்றத்தில் இறங்கினேன்.

மற்ற நாளில் கூரையில் இருந்து கத்திக் கத்தி என் தலையைத் தின்கிற காகங்கள், ஃபோனை நீட்டியதும் வாயை மூடிக்கொண்டன. ஒன்று மட்டும் பரண் காலில் வந்து உட்கார்ந்து தலையைச் சரித்துப் பார்த்தது. நான் பேரத்தில் ஆளைப் பார்க்கிற அதே பார்வை.

ஒரு காய்ந்த மீனை எடுத்துப் போட்டேன். எடுத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் பறந்தது. வேலை முடியுமுன் கூலி கொடுக்கக் கூடாது என்பதை முப்பது வருட வியாபாரத்துக்குப் பிறகு ஒரு காகத்திடம் மறுபடி படித்தேன்.

அடுத்த காகத்துக்கு மீனைக் காட்டினேன், கொடுக்கவில்லை. அது சொன்ன சொல்லை மொழிபெயர்க்க முடியாது. அருமையான பதிவு.

அதோடு "நூறு கூட்டு" என்று என் குரலையும் பதிந்தேன். இரண்டையும் லெப்டொப்புக்கு ஏற்றி, முதலில் காகச் சத்தத்தைக் கேமில் வைத்து, ஸ்பீக்கரை முழுதாகத் திறந்து ஒரு தரம் ஓடவிட்டேன்.

நன்றாகத்தான் கேட்டது. எனக்கு மட்டுமா கேட்டது?

கோபத்தில் கத்துகிற ஒரு காகத்தின் குரலைக் கேட்டால் மற்றக் காகமெல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடி வரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் நான் கருவாட்டுக்காரி இல்லையே, நிரல் எழுதுகிறவள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது தென்னை ஓலை கறுப்பாக இருந்தது. விசயம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வந்ததற்கு வெறுங்கையோடு போகவேண்டாம் என்று முடிவெடுத்தன போலிருக்கிறது. பரணுக்கு இறங்கின.

நான் விளக்குமாறோடு ஓடினேன். உள்ளே ஸ்பீக்கர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நான் விரட்ட, அது கூப்பிட, நான் விரட்ட, அது கூப்பிட, கடைசியில் திங்கட்கிழமை கொழும்புக்கு அனுப்பவேண்டிய கட்டாக் கருவாட்டில் பாதி போய்விட்டது.

பாதியை எங்கே தேடுவது? துறையில்தான். பரீட்சைக்கு இன்னும் நேரம் இருந்தது. லெப்டொப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கட்டா வாங்கப் புறப்பட்டேன்.

வள்ளம் வரும்வரை ஒரு வெற்றுப் பெட்டியில் உட்கார்ந்து, அந்தக் காகச் சத்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மிச்ச வேலையைச் செய்தேன். 'எப்போதும்' கட்டைக்குள்ளே 'தொட்டால்' கட்டை, அதற்குள்ளே 'நூறு கூட்டு'. காகத்தை மறைக்கவில்லை. கொள்கை. கேமைத் தொடங்கி ஒரு கல் எறிந்தேன். படவில்லை. கல் பரணில் போய் விழுந்து கிடந்தது. அந்த நேரம் வள்ளம் கரைதட்டிவிட்டது, எல்லாரும் எழும்பினார்கள். நான் லெப்டொப்பின் மூடியை மூடிப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்துத் தோளில் போட்டேன்.

மூடினாலும் தூங்காது என்று அந்த மனிதர் சொன்னது, விலை குறைந்த அன்றைக்கே எனக்கு மறந்துவிட்டது.

எங்கள் துறையில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்கவில்லை, ஆனால் அரசாங்கச் சட்டத்தைவிட உறுதி. ஏலத்தில் குரல் விழுந்தால் விழுந்ததுதான். போன வருடம் றிஸ்வி ஏலத்துக்கு நடுவில் ஃபோனில் மனைவியோடு கதைத்துக்கொண்டு "ஓம், ஓம், சரி" என்றான். அந்த நேரம் விலை போய்க்கொண்டிருந்தது ஒரு கிழட்டுத் திருக்கைக்கு. நான் விட்டேனா? "குரல் யார்டயோ மீன் அவருக்கு. மனிசியோட கதைச்சதெண்டா மனிசியக் கூப்பிட்டு மீனக் குடு" என்று துறை அதிரக் கத்தி, அந்தத் திருக்கையை அவன் தலையில் கட்டித்தான் வீட்டுக்குப் போனேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வைத்திருந்தான்.

கட்டா ஏலத்துக்கு வருமுன் எட்டுப் பெட்டி சாளையை இறக்கினார்கள். அந்தச் சாளை ஐஸைக் கண்ட அடையாளமே இல்லை. வயிறு வெடித்து, கண் சிவந்து, பெட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகியது.

"இத வெங்காயத் தோட்டத்துக்கு எருவாத்தான் கொண்டு போகணும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். சால்வையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உள்ளே, வழியில் பேக்கரியில் வாங்கிய பணிஸ் ஒன்றைக் கடித்தேன். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

கபூர் நானா தொடங்கினார். "எட்டும் ஒண்டா. ரெண்டாயிரம்."

ஒருவரும் அசையவில்லை. றிஸ்வி கொட்டாவி விட்டபடி, "கோழித் தீனிக்காரனுக்குக் குடுக்கலாம், நான் எடுக்கிறன்" என்றான்.

"நூறு கூட்டு."

நானும் எல்லாரோடும் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். யார் இந்தப் பைத்தியம் என்று. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"நசீமா நூறு கூட்டிட்டா" என்றார் கபூர் நானா.

றிஸ்வியின் கொட்டாவி பாதியில் நின்றது. அவன் மூளை ஓடியது எனக்கு வெளியில் இருந்தே தெரிந்தது. பொருளைப் பழிக்கிறவர்தான் வாங்க வந்தவர். இது வியாபாரத்தில் முதல் பாடம். நசீமா ராத்தா வெங்காயத் தோட்டம் என்று சொன்னால் உள்ளே ஏதோ விசயம் இருக்கிறது.

"நானும் நூறு" என்றான்.

"நூறு கூட்டு" என்றது என் பை.

"இன்னும் நூறு."

"நூறு கூட்டு."

காகம் தானாகப் பறந்துபோய் அந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நிற்கிற வரைக்கும் நூறு கூடும். நான் மறைக்கவில்லையே. எங்கள் ஊர் காகம் மறையாதே.

வாய் நிறையப் பணிஸ். சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சால்வை மூடியிருந்ததால் என் உதடு அசையாதது ஒருவருக்கும் தெரியவில்லை. ஸிப்பை இழுத்தேன். இறுகியது. மற்றப் பக்கம் இழுத்தேன். அதற்கும் இறுகியது.

நாலாயிரத்தைத் தாண்டியதும் றிஸ்விக்குப் பயம் வந்துவிட்டது. கையை விரித்தான். "எனக்கு வேணாம். ராத்தாவே எடுக்கட்டும்."

"நூறு கூட்டு."

கபூர் நானா கையைத் தூக்கியபடியே நின்றார். "நசீமா, மேல நிக்கிறது ஒன்ட விலதான். ஒனக்கு மேல நீயே கூட்டுறாய்."

"நூறு கூட்டு."

"கூட்டியாச்சி" என்றார். அவர் என்ன செய்வார், பாவம். குரல் விழுந்தால் எண்ணவேண்டும், அதுதான் அவர் தொழில்.

பணிஸ் ஒருமாதிரித் தொண்டையில் இறங்கியது. "நானா, அது நான் இல்ல" என்று கத்தினேன்.

"நூறு கூட்டு" என்று அதே குரலில், அதே கோபத்தில், பை பதில் சொன்னது.

வேறு வழி தெரியாமல் பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். சத்தம் நிற்கவில்லை. கபுறுக் குழிக்குள் இருந்து வருகிற மாதிரி, ஆனால் தெளிவாக, எனக்குக் கீழே இருந்து விலை ஏறியது. முப்பது வருடம் ஒரு ரூபாயைக்கூடச் சண்டை இல்லாமல் கூட்டாத நசீமா, பெட்டியில் கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்து, வெடித்த சாளைக்குத் தனக்குத்தானே விலை ஏற்றுகிறாள். வள்ளத்தில் இருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

ஒருவர் இரக்கப்பட்டு மீன் வெட்டும் கத்தியை நீட்டினார். பையைக் கிழித்து ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

கடல் மட்டும் கேட்டது.

"ஒண்டு" என்றார் கபூர் நானா. "ரெண்டு. மூணு."

"நானா, இது மெஷின். நான் எழுதின கேம். காகம் கல்லுல நிக்கிது, அதான்" என்று லெப்டொப்பைத் திறந்து காட்டினேன். துறையே குனிந்து பார்த்தது. காகம் கல்லில் நின்று எங்களைப் பார்த்தது.

றிஸ்வி மெதுவாக முன்னுக்கு வந்தான். மனிதன் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை அவன் நிக்காஹ் நாளில்கூட நான் பார்க்கவில்லை.

"ராத்தா, ஒரே ஒரு கேள்வி. அந்தக் குரல் யார்ட?"

"என்டதான். ஆனா…"

"அப்ப மீன் யார்ட?"

நான் கபூர் நானாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

"மெஷினோட கதைச்சதெண்டா," என்றான் றிஸ்வி, "மெஷினக் கூப்பிட்டு மீனக் குடுங்க."

என் வாயில் சண்டைக்கு முப்பது சொல் வந்து நின்றது. ஒன்றையும் விடவில்லை. இந்தச் சட்டத்தை நானே இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்காவிட்டால் தப்பியிருப்பேன். இன்றைக்கு நான் மறுத்தால், நாளைக்கு என் குரலுக்கு இந்தத் துறையில் ஒரு மத்திச் சாளைகூட வராது. சேட்டிபிகட் வந்தாலும் வாய் போய்விடும்.

"ஏத்துங்க" என்றேன்.

பெட்டிகளை எண்ணி ஒதுக்குவதற்குள் கட்டாவும் வேறு கைக்குப் போய்விட்டது. மணி ஒன்பதரை. வீடு ஒரு பக்கம், வகுப்பு மறுபக்கம். எட்டுப் பெட்டியோடு வீட்டுக்குப் போய்வர நேரம் இல்லை. சுனிலின் த்ரீவீலை மறித்தேன். அவன் பெட்டிகளைப் பார்த்தான், மூக்கைப் பிடித்தான்.

"அக்கா, இந்த நாத்தம் சீட்ல ஒட்டினா பொறகு எனக்கு ஹயர் இல்ல." என்று சொல்லி, வாய்க்கு வந்த ஒரு கூலியைக் கேட்டான்.

"சரி, ஏத்து" என்றேன்.

சுனில் பயந்துபோனான். பதினைந்து வருடமாக என்னை ஏற்றி இறக்குகிறவன். "அக்காவுக்கு சுகமில்லயா? ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"வகுப்புக்குப் போ."

றிஸ்வியும் மோட்டார்சைக்கிளில் பின்னால் வந்தான். நான் தோற்பதைக் கண்ணால் பார்க்கவேண்டுமாம். வாக்குக்குச் சாட்சி என்று கபூர் நானாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டான்.

நான் இரண்டு பெட்டிக்கு நடுவில் இருந்து மடியில் லெப்டொப்பைத் திறந்தேன். ஒரு பள்ளத்தில் கட்டை இடம் மாறியது, அடுத்த பள்ளத்தில் சாளைத் தண்ணீர் காலில் ஊற்றியது. பிஸ்மி சொல்லி, பல்லைக் கடித்து, 'நூறு கூட்டு'க்கு மேலே 'மறை' கட்டையை வைத்தேன். கொள்கை அந்த ரோட்டிலேயே விழுந்தது.

சிலாபத்துச் சேர் நல்ல மனிதர் போலிருந்தது. நான் உள்ளே போனதும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அரை நிமிடத்தில் மற்ற ஜன்னலையும் திறக்கச் சொன்னார். வண்ணத்துப்பூச்சிப் பிள்ளை கதிரையோடு நகர்ந்தது. பர்ஹானா மிஸ் என் கிழிந்த பையைப் பார்த்துவிட்டு, எனக்கு ஜன்னலோர மேசையைக் காட்டினார்.

மேசையில் லெப்டொப்பை வைத்தேன். ஸ்பீக்கரை வைத்தேன். தொடங்கும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை, "கா, கா, கா" என்று அறை நிறைந்தது.

"ஆ, ஷோக்கா இருக்கு" என்றார் சேர். "நல்ல நெச்சுரல். பல பக்கத்தில் இருந்து வர்ற மாதிரி செஞ்சிருக்கீங்க."

வெளியில் சுனில் த்ரீவீலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். எட்டுப் பெட்டி சாளையும் கற்பிட்டிக் காகம் முழுவதும் அங்கே.

வாங்குகிறவர் தானாகப் புகழும்போது விற்கிறவர் குறுக்கே பேசக் கூடாது. நான் பேசவில்லை. மிஸ் மேலே, சீலிங்கைப் பார்த்தார்.

பொத்தானை அழுத்தினேன். காகம் பரணுக்கு இறங்கியது. கல்லை எறிந்தேன். பட்டது. காகம் மறைந்தது.

"நூறு கூட்டு."

ஒரே ஒரு தரம். பிறகு அமைதி. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சுவிடப் போனேன்.

"இன்னும் நூறு!"

ஜன்னலில் றிஸ்வி. என் குரலைக் கேட்டால் கூட்டிப் பழகிய வாய், அவனைக் கேட்காமலே கூட்டிவிட்டது. அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்குப் பின்னால் கபூர் நானா, பழக்க தோசத்தில், ஒரு விரலைத் தூக்கியிருந்தார்.

சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இந்த கேம வேற யாருக்கும் குடுத்து டெஸ்ட் பண்ணினீங்களா?"

"ஓம் சேர்" என்றேன். "அவருக்குத்தான். காலையில இருந்து அவர்தான் பாவிக்கிறார்."

சேர் ஜன்னலுக்கு ஒரு தலையசைப்பும் தாளில் ஒரு சரியும் போட்டார். பன்னிரண்டு மணிக்குப் பெயர் வாசித்தார்கள். பதினொரு பேரும் பாஸ்.

வெளியில் வந்தேன். றிஸ்வி மோட்டார்சைக்கிளில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, எங்க போறீங்க?" என்றேன். "பெட்டி எட்டிரிக்கி."

"ராத்தா, அது வெடிச்ச சாளை. சட்டையில ஒழுகும்."

"மீன் யார்ட எண்டு காலையில நீங்கதான் சொன்னீங்க. என்ட பெட்டிய ஆர் தூக்குற எண்டு நான் மூணு மாசத்துக்கு முன்னுக்கே சொல்லிட்டன்."

அவன் கபூர் நானாவைப் பார்த்தான். அவர் இந்த முறை கடல் இல்லாத பக்கத்தைப் பார்த்தார். "வாக்கு" என்று மட்டும் சொன்னார்.

ரோட்டில் இருந்து வெங்காயத் தோட்டத்துக்கு மணலில் நல்ல தூரம். த்ரீவீல் உள்ளே போகாது. அந்தச் சாளை எங்கே போகவேண்டும் என்று நான் காலையில் சொன்னேனோ, அங்கேயே போனது. றிஸ்வியின் தோளில், எட்டு நடையாக. மேலே காகங்களும் கூடவே நடந்தன.

எட்டாவது பெட்டியை இறக்கிவிட்டு மணலிலேயே உட்கார்ந்தான்.

"ராத்தா, ஒண்டு கேக்கிறன். அந்த வகுப்பில ஆம்புளைகளச் சேர்ப்பாங்களா?"

"ஏன்?"

"ஒங்கட குரல எதிர்த்துக் கேக்க எனக்கும் ஒரு பை வேணும்."

பெண்களுக்கு மட்டும்தான் என்று சொன்னேன். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் மூன்று மாதப் படிப்பையும் ஒரே வரியில் இலவசமாகக் கொடுத்தேன். அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன், பர்ஹானா மிஸ்ஸிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் காகத்தை மறைக்கவேண்டும், பிறகுதான் சத்தம்.